உடம்பு நல்லாத்தானே இருக்கு: முதல் கர்ப்பத்துக்கு ஒரு கைக்குறிப்பு

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் வாயில் அடிக்கடி வந்த பதில் இதுதான்: "உடம்பு நல்லாத்தானே இருக்கு." மாத்திரை போட்டாயா என்று கேட்டாலும் இதைத்தான் சொன்னேன். செக்கப்புக்கு எப்போது போகப்போகிறாய் என்று கேட்டாலும் இதைத்தான் சொன்னேன். ஏழாம் மாதம் ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. ஒன்பதாம் மாதம் பிரஷர் 150/100. இரண்டு தடவையும் எனக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கியது, வயிற்றுப் பாரம் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அந்தக் கடைசி மூன்று வாரம் வீட்டில் ஒருவரும் கண் மூடவில்லை.

இரண்டாவதுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். இந்தக் குறிப்பில் பாதி அந்த நோட்டிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியாரில் பார்த்தாலும் பரிசோதனைகள் ஏறக்குறைய இவைதான். நான் மருத்துவர் இல்லை. உங்களைப் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு.

ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை. கர்ப்பிணிக்கு ஆபத்து கொண்டுவரும் இந்த மூன்றும் ஆரம்பத்தில் வலிக்காது, அறிகுறி காட்டாது. அதனால் செக்கப்புக்கு உடம்பைக் கேட்டுக்கொண்டு போகக் கூடாது, காலண்டரைப் பார்த்துப் போக வேண்டும்.

முதலில் தேதி

நாள் தள்ளிப்போனதும் மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கிக் காலையில் வரும் முதல் சிறுநீரில் பாருங்கள். இரண்டு கோடு வந்தால் அன்றே நோட்டின் முதல் பக்கத்தில் கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளை எழுதுங்கள். அடுத்த ஒன்பது மாதமும் எந்த மேசைக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான். அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. முன்னே பின்னே இரண்டு வாரம் ஆகலாம்.

மருத்துவர்கள் வாரக் கணக்கில் பேசுவார்கள், வீட்டுப் பெரியவர்கள் மாதக் கணக்கில் பேசுவார்கள். முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். நாலு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து. 'பத்து மாதம் சுமந்து பெற்றேன்' என்று அம்மாக்கள் சொல்வது மிகையில்லை, கணக்குதான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கிலிருந்து தொடங்குவதால், அட்டையில் கோடு தெரியும்போதே நாலைந்து வாரம் ஓடியிருக்கும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் ஆறாவது வாரத்துக்குள் மூடிவிடும். அது சரியாக மூடுவதற்குத்தான் ஃபோலிக் அமிலம். அதனால்தான் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்காமலே கர்ப்பம் ஆகிவிட்டதா, பதற வேண்டாம், இன்றைக்கே ஆரம்பியுங்கள். சர்க்கரை நோயோ வலிப்பு மருந்தோ இருந்தால் அளவு கூடும், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் வலிப்பு, தைராய்டு, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்ற வேண்டியதை அவர்கள் மாற்றித் தருவார்கள்.

பதிவு

12 வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் அவரே பதிந்து கொடுப்பார், கர்ப்பிணிகளைப் பதிய அரசு வைத்திருக்கும் பிக்மி (PICME) இணையதளத்தில் நீங்களாகவும் பதியலாம். ஆதார், கைபேசி எண், வங்கிக் கணக்கு விவரம், மேலே சொன்ன தேதி, இவை போதும். 12 இலக்கத்தில் ஓர் எண் தருவார்கள். அதைத்தான் எல்லோரும் பிக்மி நம்பர் என்கிறார்கள். 'நாங்கள் தனியாரில்தான் பார்க்கிறோம், நமக்கு எதற்கு' என்று விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் பதியும்போது இந்த எண்ணைக் கேட்பார்கள், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அப்போது அலைய வேண்டியிருக்கும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவிக்கும் இதே பதிவுதான் வாசல். 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணை தவணையாக வங்கிக் கணக்கில் வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகக் கையில் வரும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் ஆகாது. ஆதாரில் ஒரு எழுத்தும் வங்கியில் வேறு எழுத்துமாகப் பெயர் இருந்தால் பணம் நிற்கும். முதல் மாதமே சரிபார்த்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர் என்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 2017 முதல் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும்.

முதல் செக்கப்

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகள் நாள். கூட்டம் இருக்கும். காலையிலேயே போங்கள், தண்ணீர் பாட்டிலும் தின்ன ஏதாவதும் கையில் இருக்கட்டும்.

உயரம், எடை, பிரஷர் பார்ப்பார்கள். ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு, சர்க்கரை, தைராய்டு, எச்ஐவி, சிபிலிஸ், கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றுக்கு அனுப்புவார்கள். சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். எச்ஐவி சோதனை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். எல்லாக் கர்ப்பிணிக்கும் எடுப்பதுதான் அது, யாரையும் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை. இருப்பது தெரிந்தால் பிள்ளைக்குப் போகாமல் தடுக்க மருந்து இருக்கிறது, தெரியாவிட்டால்தான் ஆபத்து.

ரத்தப் பிரிவில் நெகட்டிவ் என்று வந்தால் கணவரின் பிரிவையும் பார்க்க வேண்டும். அவர் பாசிட்டிவ் என்றால் 28-ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி, பிறந்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இடையில் ரத்தப்போக்கு ஏற்பட்டாலும் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். ரத்தப் பிரிவு ஒத்துப்போகாததால் முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் சிக்கல். அதனாலேயே ஊசியை மறந்து போகிறார்கள்.

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி அன்றைக்கே ஒன்று, நாலு வாரம் கழித்து ஒன்று.

ஒவ்வொரு முறையும் பிரஷர் எவ்வளவு, எடை எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். 'நார்மல்மா, போங்க' என்றால் நகராதீர்கள். "எவ்வளவுன்னு சொல்லுங்க சிஸ்டர், எழுதிக்கிறேன்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாந்தி மாதங்கள்

மசக்கை பெரும்பாலானவர்களுக்கு மூன்றரை, நாலு மாதத்தில் அடங்கிவிடும். அதுவரை மூன்று வேளைச் சாப்பாடு என்பதை மறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். எழுந்ததும் கட்டிலிலேயே இரண்டு ரஸ்க் அல்லது ஒரு கைப்பிடி பொரி. வெறும் வயிறுதான் வாந்தியைக் கிளப்பும். தாளிக்கும் வாசனை ஆகவில்லை என்றால் அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மசக்கைக்காரிக்குச் சமைத்துப் போட வேண்டும் என்பது நம் ஊரில் புது வழக்கமா என்ன!

தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகி அளவு குறைந்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் 'மசக்கைதானே' என்று படுத்துக் கிடக்காதீர்கள். அதற்கு மாத்திரை உண்டு, தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

சிவப்பு மாத்திரை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் வழுக்கி விழுந்த இடம் இது. நாலாம் மாதம் தொடங்கி தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். குறைந்தது 180 நாள் போட வேண்டும். நான் பத்து நாள் போட்டேன். மலம் கறுப்பாகப் போனதும் பயந்துபோய் மிச்சத்தைத் துளசிச் செடியடியில் போட்டுப் புதைத்துவிட்டேன். மலம் கறுப்பாவது இரும்பால்தான், அதில் ஒரு கெடுதலும் இல்லை என்று ஏழாம் மாதம் நர்சம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் ட்ரிப்பில் இரும்பு ஏற்றிக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டேன். (துளசி நன்றாக வளர்ந்தது.)

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று கணக்கு. பிரசவத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும். கையிருப்பே குறைவாக இருப்பவருக்கு அந்தக் கொஞ்சமே பெரிய இழப்பு. பிள்ளையும் எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறக்க வாய்ப்பு கூடும்.

போடும் முறையும் முக்கியம். காபி, டீயோடும், குடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளும் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யாவோடு போட்டால் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுப் படுத்துவிடலாம், எனக்கு அதுதான் ஒத்துவந்தது. மலச்சிக்கல் வரும். கீரை, பழம், தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கேளுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது.

கால்சியம் மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டோடு. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவர் அதை விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டு, இந்த இரண்டையும் நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள். என் நோட்டில் இதற்கென்று ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தேன். நாலாம் மாதத்துக்கு மேல் பூச்சி மாத்திரை ஒன்று தருவார்கள், அதையும் தயங்காமல் போடுங்கள்.

தட்டில்

'ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்' என்று ஆளுக்கொரு கரண்டி கூடப் போடுவார்கள். உண்மையில் நாலாம் மாதத்திலிருந்து தினமும் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி அளவுதான். இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் வைத்தால் அதில் முடிந்துவிடும். சாதத்தின் அளவைக் கூட்டுவதைவிடக் குழம்பில் பருப்பையும் தட்டில் கீரையையும் கூட்டுவது மேல். சராசரி உடல்வாகு உள்ளவருக்கு ஒன்பது மாதத்தில் 10 முதல் 12 கிலோ ஏறினால் போதும்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, எள்ளுருண்டை, கொண்டைக்கடலை, நிலக்கடலை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்குக் கலக்காமல் நீங்களே கொழுக்கட்டையோ கஞ்சியோ வைத்துச் சாப்பிடுங்கள். முட்டை, மீன், கறி எல்லாம் சாப்பிடலாம், நன்றாக வெந்திருக்க வேண்டும். மீனில் மத்தி, நெத்திலி மாதிரிச் சின்னது நல்லது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் தள்ளி வையுங்கள். காய்ச்சாத பால் வேண்டாம்.

பப்பாளி பற்றிக் கேட்காத கர்ப்பிணி இல்லை. காயும் செங்காயும் வேண்டாம், அதன் பால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. நன்றாகப் பழுத்ததில் அந்தப் பால் இல்லை. ஆனாலும் அத்தையோடு இதற்காகச் சண்டை போட வேண்டுமா என்று யோசியுங்கள், கொய்யா சாப்பிட்டுவிட்டுப் போகலாம். குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது, நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. அந்தக் காசுக்கு ஒரு மாதம் முட்டை வாங்கலாம். கிரகணத்தன்று வெளியே போகாமல் இருப்பது உங்கள் விருப்பம். அதற்காகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் கிடப்பதுதான் கூடாது.

மது, புகையிலை, வெற்றிலையோடு போடும் புகையிலை எதுவும் வேண்டாம். வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்கவும் கூடாது, இது வீட்டு ஆண்களுக்கு. தலைவலி என்று கடையில் கேட்டு வலிமாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பாராசிட்டமால் தவிர மற்ற பல வலிமாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. நாட்டு மருந்து, கஷாயம் என்றாலும் கேட்டுவிட்டே குடியுங்கள்.

ஸ்கேன்

முதல் ஸ்கேன் கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயத்துடிப்பு உண்டா என்று பார்க்க. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று. 18 முதல் 20 வாரத்தில் எடுப்பதுதான் முக்கியமானது. குழந்தையின் இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன் அது. 'அடுத்த மாதம் எடுத்துக்கலாம்' என்று தள்ளினால் ஏதாவது இருந்து முடிவெடுக்க வேண்டிய நேரம் கையைவிட்டுப் போகும். அப்புறம் வளர்ச்சியைப் பார்க்கக் கடைசி மூன்று மாதத்தில் ஒன்று. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம்.

குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கும் நாள்

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. நெடுந்தூரம் பஸ் ஏறி வரும் பெண்ணைச் சாப்பிடாமல் வா என்று சொன்னால் எப்படி வருவாள்! அதை யோசித்து இந்த எளிய முறையைக் கொண்டுவரப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

முதல் செக்கப்பில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. முதலில் சரியாக இருந்ததே என்று இரண்டாவதை விடக் கூடாது, பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுக்க வேண்டும். சர்க்கரை என்று வந்தால் பலருக்குச் சாப்பாட்டை மாற்றி, சாப்பிட்டதும் நடந்தாலே அடங்கிவிடும். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். இன்சுலின் குழந்தைக்குப் போகாது, பயப்பட வேண்டாம்.

வளைகாப்புக்கு அப்புறம்

ஏழாம் மாதம் வளைகாப்பு. குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கும் சமயமும் ஏறக்குறைய இதுதான், எனவே வளையல் சத்தம் அதற்குக் கேட்கும் என்று நம்ப இடமிருக்கிறது. கலந்த சாதம் காலையில் கட்டி மத்தியானம் வரை இருந்தால் தயிர்சாதத்தையும் தேங்காய்சாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது விருந்தைப் பற்றி இல்லை. வளைகாப்பு முடிந்து பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவோம். எனக்கு மாமியார் வீடு தேனிப் பக்கம், அம்மா வீடு விருதுநகர்ப் பக்கம். பட்டுப்புடவை, பலகாரம், பூச்சரம் எல்லாம் வண்டியில் ஏறின. ஃபைல் மட்டும் தேனியில் பீரோ மேல் இருந்தது. இந்தப் பக்கத்து நர்சம்மாவுக்கு நான் போனது தெரியாது, அந்தப் பக்கத்து நர்சம்மாவுக்கு நான் வந்தது தெரியாது. ஐந்து வாரம் யாரும் எனக்குப் பிரஷர் பார்க்கவில்லை. குறை சொல்வதென்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும். அம்மா கேட்டபோதெல்லாம் நான்தான் அந்தப் பழைய பதிலைச் சொன்னேன்.

பிரஷர் ஏறுவது பெரும்பாலும் 20 வாரத்துக்கு மேல், அதிலும் கடைசி மாதங்களில். சர்க்கரையின் இரண்டாவது சோதனையும் வளர்ச்சி ஸ்கேனும் அப்போதுதான். அதாவது அடிக்கடி செக்கப் தேவைப்படும் நேரத்தில்தான் நம் வழக்கம் பெண்ணை ஊர் மாற்றுகிறது. வழக்கம் நல்ல வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். கூடவே நாலு வேலையையும் செய்துவிடுங்கள்:

- புறப்படும் முன் ஒரு செக்கப் முடித்து, போகிற ஊரைச் செவிலியரிடம் சொல்லுங்கள். பிக்மி எண் அதேதான், எந்த ஊரிலும் செல்லும்.
- ஃபைல், ஸ்கேன் படங்கள், மாத்திரை, நோட்டு எல்லாம் ஒரே பையில், உங்கள் மடியில்.
- போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.
- பிரசவம் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் என்பதை இரண்டு வீடும் பேசி முடிவு செய்யுங்கள். ரத்தசோகை, பிரஷர், சர்க்கரை, முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை இருந்தால் எல்லா வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைதான்.

28 வாரம் வரை மாதம் ஒரு செக்கப், அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, கடைசி மாதம் வாரம் ஒன்று என்பது பொதுவான கணக்கு. பிரஷர் 140/90-ஐத் தொட்டால் அதுவே எச்சரிக்கை.

அசைவும் தூக்கமும்

முதல் பிள்ளையின் அசைவு ஐந்தாம் மாதத்தில் தெரியும், முதலில் குமிழ் விட்டது மாதிரி இருக்கும். ஏழாம் மாதத்திலிருந்து அதற்கென்று ஒரு நேரம், ஒரு ஒழுங்கு வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் குழந்தையின் வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா என்பது. 'மாசம் நெருங்கினா அசைவு குறையும்' என்று சொன்னால் நம்பாதீர்கள். அசைவின் விதம் மாறலாம், குறையக் கூடாது. குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.

தூக்கம் ஒருக்களித்து. இடப்பக்கம் நல்லது, வலப்பக்கமும் பரவாயில்லை. கடைசி மூன்று மாதம் மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். நடுராத்திரி விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் திரும்பிப் படுத்தால் போதும், பயந்து எழுந்து உட்கார வேண்டாம்.

உடனே கிளம்ப வேண்டியவை

இதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

- எந்த மாதமானாலும் ரத்தப்போக்கு
- விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி
- முகமும் கையும் திடீரென வீங்குவது (சாயங்காலம் கால் மட்டும் லேசாக வீங்குவது சகஜம்)
- வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல்
- காய்ச்சல்
- அசைவு குறைவது
- 37 வாரத்துக்கு முன்பே வலியோ, தண்ணீர் போவதோ

108-க்கு அழைக்கக் காசு வேண்டாம். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

மனசு

அழுகை வரும், எரிச்சல் வரும், பயமும் வரும். அது வந்துபோகும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறது, தூக்கமில்லை, 'நான் எதற்கு இருக்கிறேன்' என்று தோன்றுகிறது என்றால் பிரஷரைச் சொல்வது போலவே இதையும் செக்கப்பில் சொல்லுங்கள். 14416-இல் டெலி மானஸ் என்ற மனநலச் சேவை இருக்கிறது, தமிழில் பேசலாம். வீட்டில் அடி, வசவு என்றால் 181. கர்ப்பிணி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வலி வந்ததும்

எட்டாம் மாதமே பையைக் கட்டிவிடுங்கள். ஃபைல், ஆதார், வங்கிப் புத்தகம், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணிகள், முன்னால் திறக்கிற நைட்டி, நாப்கின், சார்ஜர். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேர் யார், ராத்திரி வண்டி யாருடையது என்பதும் பேசி வைத்திருக்க வேண்டும்.

வயிறு இறுகி, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கினால் அது சூட்டு வலி. சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு நடந்து பார்க்கலாம். நிஜ வலி நடந்தாலும் படுத்தாலும் போகாது, இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும், இடுப்பிலிருந்து முன்னால் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் புறப்படுங்கள், மருத்துவமனை தூரம் என்றால் அதற்கும் முன்பே. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். தண்ணீர் பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதம் கூடாது.

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டும் இலவசம். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம், யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வலியைப் பார்த்துத் தானும் அழுகிறவரை வேண்டாம் என்பது என் அனுபவம். எனக்கு நாத்தனார்தான் சரியாக இருந்தார்.

பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைத்துச் சேனை தொட ஒரு பெரியவர் காத்திருப்பார். தேனில் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தான கிருமி இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் முதலில் உள்ளே போக வேண்டும். 'தாத்தா, குழந்தை நெற்றியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க' என்று அந்தப் பெரியவருக்கு வேறு வேலை கொடுத்தோம். அவரும் திருப்தியாகப் போனார்.

வீடு வந்த பிறகு சிவப்பு மாத்திரை இன்னும் 180 நாள். பிரஷர் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை ஏறலாம். அந்த நாட்களில் தலைவலி வந்தால் தூக்கம் கெட்டதால் என்று நீங்களே முடிவு செய்யாமல், குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் ஒருமுறை பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.